டச்சுத் தேர்தல் 2025: யெட்டன் ஜெயித்தார் சரி, வில்டர்ஸ் தோற்றாரா?

சைக்கிள்காரன் | 30 அக்டோபர் 2025, காலை 7:10

நேற்று இரவு ஒன்பது மணிக்கு வாக்குச்சாவடி மூடிய நிமிடமே எக்சிட் போல் வந்தது. யெட்டனின் நடுநிலைக் கட்சி டி66-க்கு 27 இடம், குடியேற்றத்தை எதிர்க்கும் வில்டர்ஸின் பிவிவிக்கு 25. டி66 ஆட்கள் கொடி ஆட்டி, கத்தி, ஒரே ஆர்ப்பாட்டம். சரி, முடிந்தது கதை என்று படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் இரண்டும் 26-க்கு 26, ஓட்டு எண்ணிக்கையில் சில ஆயிரம் வித்தியாசம், அதுவும் பிவிவி முன்னால்!

ஐந்தோவனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது, குடியுரிமை இல்லாததால் ஓட்டு இல்லை. ஆனாலும் வீட்டு வாடகை, வரிச்சலுகை, விசா என்று என் தலையெழுத்தையும் இவர்கள்தான் எழுதப்போகிறார்கள், அதனால் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஆபீஸில் கேட்டால் டச்சுக்காரர்கள் ரொட்டியில் சீஸை வைத்துக் கடித்துக்கொண்டே "பார்ப்போம்" என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இப்போது யார் பிரதமர்?

கணக்குப்பிள்ளை | 30 அக்டோபர், காலை 7:48

மதுரையிலிருந்து ஒரு சந்தேகம். மொத்தம் 150 இடம், அதில் 26 வாங்கிய கட்சி "வெற்றி" என்று கொண்டாடுகிறதா? ஓட்டில் 17 சதவீதம்கூட முழுதாக வரவில்லை. நம்ம ஊரில் இதற்கு வேறு பெயர்.

தேன்மொழி | 30 அக்டோபர், காலை 9:25

கணக்கு, அங்கே தொகுதி என்று ஒன்று கிடையாது, அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நாடே ஒரு தொகுதி மாதிரிதான். செல்லுபடியான மொத்த ஓட்டை 150-ஆல் வகுத்தால் என்ன வருகிறதோ அதுதான் ஒரு இடத்தின் விலை, இந்த முறை சுமார் 70,000. அதைத் தாண்டினால் உள்ளே வரலாம். அதனால்தான் 27 கட்சிகள் நின்றதில் 15 கட்சிகள் அவைக்குள் போகின்றன, விலங்குகளுக்கான கட்சி 3 இடத்தோடு, 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கட்சி 2 இடத்தோடு. எந்தக் கட்சியும் தனியாக 76 எடுத்ததே இல்லை. 26 இங்கே பெரிய கட்சிதான், ஆனால் "பெரிய கட்சி" என்பதே சின்னதாகிவிட்டது, அது வேறு கதை.

நான் நேற்று டென் ஹாகில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாவடியில் ஓட்டு எண்ணினேன். குடியுரிமை வாங்கியபிறகு எனக்கு இது இரண்டாவது தேர்தல் வேலை. இன்னும் முதுகு வலிக்கிறது. வாக்குச்சீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? படுக்கை விரிப்பு! எல்லாக் கட்சியின் எல்லா வேட்பாளர் பெயரும் அதில் வரிசையாக இருக்கும், சிவப்புப் பென்சிலால் ஒரு பெயருக்குப் பக்கத்து வட்டத்தை நிரப்ப வேண்டும். அதை மடிக்கத் தெரியாமல் தவிக்கிற வயதானவர்களைப் பார்த்தால் உதவி செய்யக் கை துறுதுறுக்கும், ஆனால் அதற்கென்று விதிகள் இருக்கின்றன, நம் இஷ்டத்துக்குப் போய் உதவ முடியாது. ஒன்பதுக்கு மூடினோம், முதலில் கட்சிவாரியாகக் குவித்து எண்ணிவிட்டு ஒரு மணிக்கு வீடு திரும்பினேன். எண்ணும்போது யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு மாணவர் வந்தார், அரை மணி நேரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்று: அது கட்சிக்கான ஓட்டு மட்டும் இல்லை, அந்தப் பெயருக்கான ஓட்டும்கூட. பட்டியலில் அடியில் இருப்பவர் சுமார் 17,600 ஓட்டு வாங்கிவிட்டால் மேலே இருப்பவரைத் தாண்டி உள்ளே போகலாம் (கட்சிக்கு இடம் கிடைத்திருந்தால்). பல பெண்கள் வேண்டுமென்றே பட்டியலில் கீழே இருக்கும் பெண்ணுக்குப் போடுவது அதனால்தான்.

சைக்கிள்காரன் | 30 அக்டோபர், காலை 9:40

அக்கா, அது இருக்கட்டும், வில்டர்ஸ்?

பாலாண்ணை | 30 அக்டோபர், மதியம் 12:15

தம்பி, அவசரப்படாதையும். நான் ஊத்ரெக்டில் இருக்கிறேன், இந்த நாட்டுக்கு வந்து நாற்பது வருடம். எத்தனையோ தேர்தல் பார்த்தாச்சு. எங்கட சனம் எல்லாம் "வில்டர்ஸ் விழுந்திட்டார்" என்று வாட்ஸ்அப்பில் பட்டாசுப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஓம், 37-இலிருந்து 26-க்கு விழுந்தவர்தான், பதினொரு இடம் சும்மா இல்லை. ஆனால் அந்தப் பதினொன்றும் எங்கே போனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பழைய ஞாபகம் ஒன்று சொல்கிறேன். 1985-இல் நாங்கள் வந்திறங்கியபோது மற்ற அகதிகளுக்குக் கிடைத்த உதவிப்பணம் எங்களுக்கு இல்லை. தமிழருக்கென்றே தனி ஏற்பாடு: படுக்கை, குளியல், ரொட்டி, கையில் கொஞ்சம் சில்லறை. அப்போது வில்டர்ஸ் என்ற பெயரே ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நல்ல கோட்டுப் போட்ட, மரியாதையாகக் கதைக்கிற நடுநிலைக் கட்சிக்காரர்கள். அதனால் ஒரு ஆள் விழுந்ததை வைத்து நாடு மாறிவிட்டது என்று நான் நம்பமாட்டேன்.

கணக்குப்பிள்ளை | 30 அக்டோபர், மதியம் 1:02

பாலாண்ணே, நீங்கள் கேட்டதற்கு விடை இருக்கிறது, இப்போதுதான் 2023 முடிவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

வலது ஓரத்துக் கட்சிகள் மூன்று. 2023-இல் பிவிவி 37, ஃபோரம் 3, யா21 1. மொத்தம் 41. இப்போது பிவிவி 26, யா21 9, ஃபோரம் 7. மொத்தம் 42.

ஒன்று கூடியிருக்கிறது! வீட்டுக்குள் பீரோவை இடம் மாற்றி வைத்த மாதிரி.

வெட்டிப்பேச்சு | 30 அக்டோபர், மாலை 6:30

இதைத்தான் நான் ரெண்டு வருஷமாகச் சொல்கிறேன், இங்கே யாரும் கேட்பதில்லை. மக்கள் குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். போன கூட்டணி அரசில் வில்டர்ஸ் கட்சி கையில் தஞ்சத்துறையையே கொடுத்தும் அவர் காரியம் செய்யவில்லை, அதனால் அதே சரக்கை விற்கும் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். வாடகை வீட்டுக்கு நூறு பேர் வரிசையில் நிற்கும் நாட்டில் "இன்னும் ஆள் வரட்டும்" என்று எந்தக் கட்சி சொன்னாலும் மக்கள் கடுப்பாவார்கள். நானே அல்மேரேயில் எட்டு மாதம் வீடு தேடினேன், ஒரு ஏஜென்ட் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டையே காட்டவில்லை.

தேன்மொழி | 30 அக்டோபர், இரவு 8:10

வெட்டி, வீடு இல்லாதது உண்மை, நாடு முழுக்கச் சுமார் 4 லட்சம் வீடு பற்றாக்குறை. ஆனால் வருகிறவர்களில் தஞ்சம் கேட்டு வருகிறவர்கள் சிறு பங்குதான். பெரும்பகுதி வேலைக்கு, படிப்புக்கு, போலந்து ருமேனியா போன்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்து கிடங்கிலும் பசுமைக்குடிலிலும் வேலை செய்ய வருகிறவர்கள். நீங்களும் நானும் சைக்கிள்காரனும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறோம், அகதிக் கணக்கில் இல்லை. பாலா அண்ணை மட்டும்தான் இங்கே அகதியாக வந்தவர், அவர் நாற்பது வருடமாக வரி கட்டுகிறார்.

வீடு கட்டாததற்குக் காரணம் வேறு. 2019-இல் ராட் ஃபன் ஸ்டாட்டே என்கிற உயர் நிர்வாக நீதிமன்றம், இயற்கையைக் கெடுக்கும் நைட்ரஜன் மாசு விஷயத்தில் ஒரு தீர்ப்பு கொடுத்தது, மாட்டுப்பண்ணையிலிருந்து வரும் அம்மோனியாவும் கட்டுமான வேலையும் ஒரே கணக்கில் வந்துவிட்டன, அனுமதிகள் நின்றன. மாட்டைக் குறைக்கச் சொன்னால் விவசாயிகள் டிராக்டரோடு நெடுஞ்சாலைக்கு வருகிறார்கள். அந்தக் கோபத்தில் பிறந்த விவசாயிகள் கட்சி பிபிபி இப்போது 7-இலிருந்து 4 ஆகிவிட்டது, ஆனால் மாடுகள் அங்கேயேதான் இருக்கின்றன.

வெட்டிப்பேச்சு | 30 அக்டோபர், இரவு 8:22

டி66-ஏ நிலைப்பாட்டை மாற்றியதை ஏன் யாரும் பேசவில்லை? தஞ்ச விண்ணப்பத்தை ஐரோப்பாவுக்கு வெளியிலேயே போடவேண்டும், கனடா மாதிரி, என்று இந்தமுறை அவர்களே பேசினார்கள். யெட்டன் மேடைக்கு மேடை டச்சுக் கொடியை ஆட்டினார். ஐந்து வருடம் முன்பு டி66 கூட்டத்தில் கொடி ஆட்டியிருந்தால் ஆட்டியவரைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். வலதுசாரிகள் சொன்னதைத் திருடித்தான் ஜெயித்திருக்கிறார்கள்.

தேன்மொழி | 30 அக்டோபர், இரவு 8:41

கொடி ஒன்றும் வில்டர்ஸ் அப்பன் வீட்டுச் சொத்து இல்லையே. அதைத் திரும்ப எடுத்ததுதான் அந்த ஆளின் கெட்டிக்காரத்தனம். 38 வயது, முன்பு பேட்டிகளில் "ரோபோ யெட்டன்" என்று கேலி வாங்கியவர், இந்தமுறை சிரித்த முகத்தோடு "முடியும்" என்ற ஒரே வார்த்தையை வைத்து ஓட்டினார், டிவி வினாடி வினாவில்கூட வந்தார், புதிதாகப் பத்து நகரங்கள் கட்டுவோம் என்றார். பத்து நகரம் கட்ட முடியுமா என்பது வேறு, ஆனால் இரண்டு வருடம் சண்டையை மட்டுமே பார்த்த மக்களுக்கு அது ஒரு மாற்றமாக இருந்தது. செப்டம்பர் 20 அன்று டென் ஹாக் மாலிஃபெல்ட் மைதானத்தில் குடியேற்ற எதிர்ப்புப் போராட்டம் கலவரமானபோது டி66 அலுவலகக் கண்ணாடியை உடைத்தார்களே, அது எங்கள் ஊர். அப்புறம் நான் பார்த்தவரை அந்தக் கட்சிமேல் ஒரு பரிவு வந்தது.

பாலாண்ணை | 30 அக்டோபர், இரவு 9:30

இடது பக்கத்தையும் கொஞ்சம் கதையுங்கள். பசுமை இடதும் தொழிற்கட்சியும் சேர்ந்து நின்று 25-இலிருந்து 20. அந்தக் கூட்டின் தலைவர் டிம்மர்மான்ஸ் பிரசல்ஸில் பெரிய பதவியை விட்டுவிட்டு வந்தவர், நேற்று இரவே தலைமையை விட்டுவிட்டார். சோசலிஸ்ட் கட்சி 5-இலிருந்து 3. நான் முப்பது வருடம் தொழிற்கட்சிக்குப் போட்டவன். இந்தமுறை என் மகள் டி66-க்குப் போடச் சொன்னாள், "அப்பா, வில்டர்ஸை முந்தக்கூடியது அதுதான்" என்றாள். என்னைப்போல எத்தனை பேர்! ஆகவே டி66-இன் 26-இல் நல்ல பங்கு இடதுசாரி வீட்டிலிருந்து இரவல் வாங்கியது. இரவல் வாங்கியதைத் திரும்பக் கேட்பார்கள்.

கணக்குப்பிள்ளை | 31 அக்டோபர், காலை 6:55

எனக்கு இதில் அதிசயமாகத் தெரிவது என்எஸ்சி. 2023-இல் ஆரம்பித்த மூன்றே மாதத்தில் 20 இடம். இப்போது பூஜ்யம்! ஒரு இடத்துக்கான 70,000 ஓட்டுக்கூட வரவில்லை. இப்படி ஒரு கட்சி காணாமல் போகுமா?

தேன்மொழி | 31 அக்டோபர், காலை 8:30

போகும், ஏனென்றால் அது கட்சியே இல்லை, அதை ஆரம்பித்த ஓம்ட்ஸிக்ட் என்கிற ஒரு மனிதர்மேல் வைத்த நம்பிக்கை. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை ஊழலை விடாமல் தோண்டி எடுத்தவர் அவர். ஆயிரக்கணக்கான பெற்றோர்களை, அதிலும் வெளிநாட்டுப் பெயர் உள்ளவர்களை, வரித்துறை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்திக் கடனில் தள்ளியது. அதனால் 2021 ஜனவரியில் அன்றைய பிரதமர் ரூட்டேயின் அரசே ராஜினாமா செய்தது. அப்படிப்பட்ட மனிதர் "அரசியல் சாசனத்தைக் காப்பேன்" என்று கட்சி ஆரம்பித்து, கடைசியில் வில்டர்ஸோடு ஒரே கூட்டணியில் சேர்ந்தார். அங்கேயே பாதி பேர் போய்விட்டார்கள். இந்த ஏப்ரலில் உடல்நிலையால் அவரே அரசியலை விட்டார். ஆகஸ்டில் இஸ்ரேல் விவகாரத்தில் கட்சி அமைச்சர்கள் மொத்தமாக வெளியேறினார்கள்.

ஓட்டுக்கள் பாதி தூரம் தாய்வீடு திரும்பின மாதிரி இருக்கிறது: அவர் பிரிந்துவந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி சிடிஏ 5-இலிருந்து 18. அதன் தலைவர் பொன்டன்பால் கத்தாமல் பேசுகிறவர், "கண்ணியம்" என்பதையே பிரசாரமாக வைத்தார். பிரசாரத்தின் கடைசிக் கட்டத்தில் மதப் பள்ளிக்கூடங்களும் ஓரினச்சேர்க்கையும் என்ற கேள்வியில் சறுக்கினார், இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருப்பார் என்று என் கணவர் அடித்துச் சொல்கிறார். அவர் சிடிஏ, அதனால் பாதிதான் நம்புவேன்.

சைக்கிள்காரன் | 31 அக்டோபர், காலை 8:44

ஓம்ட்ஸிக்ட் என்றதும் ஞாபகம் வருகிறது: வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த எங்களுக்கான 30 சதவீத வரிச்சலுகையைப் படிப்படியாக வெட்டும் திருத்தத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். அப்புறம் பிரதமர் ஸ்கோஃபின் அரசு (வில்டர்ஸ் சேர்ந்திருந்த அதே கூட்டணி) அதைப் பெரும்பாலும் திருப்பிவிட்டு, 2027 முதல் 27 சதவீதம் என்றது. எனக்கு ஓட்டு இல்லை, ஆனால் அவர் தோற்றதில் சின்ன சந்தோஷம் இருப்பதை மறைக்கமாட்டேன்.

பாலாண்ணை | 31 அக்டோபர், காலை 9:05

தம்பி, அவர் அந்தத் தாய்மாருக்காக நின்றவர். உம்முடைய வரிச்சலுகைக்காக அவரைத் தூக்கி எறியாதையும்.

சைக்கிள்காரன் | 31 அக்டோபர், காலை 9:11

சரி அண்ணை. வாயை மூடிக்கொள்கிறேன்.

வெட்டிப்பேச்சு | 31 அக்டோபர், பிற்பகல் 3:20

ஏஎன்பி செய்தி நிறுவனம் டி66-தான் முதலிடம், இனி பிவிவி பிடிக்க முடியாது என்று அறிவித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் தபால் ஓட்டு இன்னும் எண்ணி முடியவில்லை. செய்தி நிறுவனம் யார் முடிவை அறிவிக்க? அதற்கு கீஸ்ராட் என்று தேர்தல் மன்றம் இருக்கிறதே! வில்டர்ஸ் கேட்பது நியாயம்தான்.

தேன்மொழி | 31 அக்டோபர், பிற்பகல் 4:00

அது கணக்கு வெட்டி, தீர்ப்பு இல்லை. தபால் ஓட்டு எப்போதும் டி66, பசுமை இடது பக்கம் சாயும். அதனால் மீதியை எண்ணினால் வித்தியாசம் கூடுமே தவிரக் குறையாது. அதிகாரப்பூர்வமாக கீஸ்ராட் 7-ஆம் தேதி சொல்லும்.

முதலிடத்துக்கு ஏன் இந்த அடிதடி என்று கணக்கு கேட்பார் என்று நினைக்கிறேன். சட்டத்தில் முதலிடத்துக்கு ஒரு உரிமையும் இல்லை. பெரிய கட்சிதான் முதல் ஆளை அனுப்பிப் பேச்சு ஆரம்பிக்கும் என்பது வெறும் பழக்கம். 2012-க்கு முன்பு ராணி அந்த வேலையைப் பார்த்தார், இப்போது அவையே பார்க்கிறது. வெர்கென்னர் என்று ஒருவர் எல்லாத் தலைவர்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் காபி கொடுத்து யாரோடு யார் ஒத்துப்போவார்கள் என்று நாடி பிடித்துப் பார்ப்பார். நம் கல்யாணத் தரகர் வேலை. 2023-இல் வில்டர்ஸ் அனுப்பிய முதல் தரகர், மோசடிப் புகார் வெளிவந்ததால் வேலை தொடங்குவதற்குள்ளேயே விலகினார். அந்த அரசு பதவியேற்க 223 நாள், அது விழ இன்னும் பதினொரு மாதம்.

கணக்குப்பிள்ளை | 1 நவம்பர், காலை 10:15

கூட்டிப் பார்த்தேன். டி66 26, வலதுசாரித் தாராளவாதக் கட்சி விவிடி 22, சிடிஏ 18. மொத்தம் 66. இன்னும் பத்து வேண்டும். யா21-இன் 9 சேர்த்தால் 75!! ஒரே ஒரு இடம் குறைகிறது. பசுமை இடது கூட்டின் 20 சேர்த்தால் 86, வசதியாக இருக்கும்.

பாலாண்ணை | 1 நவம்பர், காலை 11:00

அந்த 86-க்கு விவிடி தலைவர் யெசில்கோஸ் சம்மதிக்கமாட்டார். விவிடி இந்தத் தேர்தல் முழுக்க "இடதுசாரிகளோடு இல்லை" என்றே ஓடினது. அவருடைய கட்சி கருத்துக்கணிப்பில் படுத்துக் கிடந்தது, கடைசியில் 24-இலிருந்து 22 என்று தப்பியது அந்த ஒரு வரியால்தான். இப்போது அதை விழுங்குவாரா? 2023-இல் வில்டர்ஸுக்குக் கதவைத் திறந்துவிட்டவரும் இவர்தான் என்பது என்னுடைய அபிப்பிராயம். "சேரமாட்டோம்" என்று ரூட்டே காலத்தில் பூட்டியிருந்த கதவை இவர் மெல்லத் திறந்தார், சனம் "அப்படியென்றால் வில்டர்ஸுக்கே நேரே போடலாமே" என்று போய்விட்டது.

பிறகு மேலவை ஒன்று இருக்கிறது. 75 இடம், 2023-இல் மாகாண உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தது. அங்கே டி66 5, சிடிஏ 6, விவிடி 10. சேர்த்தால் 21. பசுமை இடது கூட்டின் 14 வந்தாலும் 35தான், 38 வேண்டும். எந்தச் சட்டத்துக்கும் யாரிடமாவது கை ஏந்த வேண்டும்.

வெட்டிப்பேச்சு | 1 நவம்பர், மதியம் 12:30

ஆக வலதுசாரி ஓட்டு இவ்வளவு இருந்தும் வலதுசாரி அரசு வராது. 26 இடம் வாங்கிய கட்சியை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கிவைப்பது ஜனநாயகமா?

தேன்மொழி | 1 நவம்பர், மதியம் 1:15

ஒதுக்கிவைக்காமல் ஒருமுறை சேர்த்துப் பார்த்தார்களே! 88 இடத்தோடு. பிரதமர் பதவியைத்தான் மற்ற மூன்று கட்சிகளும் அவருக்குக் கொடுக்கவில்லை, கட்சி சாராத ஸ்கோஃப் வந்தார். தஞ்சத்துறையே பிவிவி கையில் இருந்தது. மே மாதம் தஞ்சத்தைக் கட்டுப்படுத்தப் பத்து அம்சத் திட்டம் என்று ஒன்றை வில்டர்ஸ் நீட்டினார், ஜூன் 3 காலையில் அரசைக் கவிழ்த்தார். தன் சொந்த அமைச்சர் கொண்டுவந்த சட்டங்கள் அவையில் ஓட்டெடுப்புக்கு வர ஒரு மாதம் இருக்கும்போது! குடிபோன வீட்டுக்கு நீங்களே நெருப்பு வைத்துவிட்டு அடுத்தவன் வாடகைக்கு வீடு தரவில்லை என்று அழக்கூடாது.

அந்தக் கட்சியில் உறுப்பினர் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர். அவர்தான். மாநாடு கிடையாது, உட்கட்சித் தேர்தல் கிடையாது, அவையில் உட்காரும் மற்றவர்கள்கூட உறுப்பினர் இல்லை. டிம்மர்மான்ஸைப் பற்றிப் போலிப் படங்கள் செய்து போட்ட ஃபேஸ்புக் பக்கத்தை நடத்தியது அவருடைய இரண்டு எம்பிக்கள் என்று தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு வெளிவந்து, அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதற்கும் மேல் 26.

வெட்டிப்பேச்சு | 1 நவம்பர், மதியம் 1:40

கவிழ்த்தது முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். நானே யா21 பக்கம் சாய்ந்தது அதனால்தான் (ஓட்டு இருந்திருந்தால்). அதன் தலைவர் ஏர்ட்மன்ஸ் அதையேதான் பேசுகிறார், ஆனால் பைல் படிக்கிறார்.

கணக்குப்பிள்ளை | 1 நவம்பர், மதியம் 2:05

ஃபோரம் 3-இலிருந்து 7 ஆனதை யாருமே பேசவில்லை, எனக்கு அதுதான் இடிக்கிறது. வில்டர்ஸுக்கும் வலது பக்கம் நிற்கிற கட்சி அது இல்லையா?

பாலாண்ணை | 1 நவம்பர், மதியம் 2:30

அதுதான். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்.

சைக்கிள்காரன் | 7 நவம்பர், மாலை 5:45

இழையை மேலே கொண்டுவருகிறேன். கீஸ்ராட் இன்று அதிகாரப்பூர்வமாக அறிவித்தது: 26-26, டி66 முதலிடம், வித்தியாசம் 30,000-க்குக் கொஞ்சம் கீழே. ஒரு கோடி ஓட்டுக்கு மேல் விழுந்த தேர்தலில்! அக்கா சொன்ன மாதிரியே தபால் ஓட்டு வித்தியாசத்தைக் கூட்டியிருக்கிறது.

டி66 அனுப்பிய தரகர் வௌட்டர் கோல்மேஸ். முன்னாள் அமைச்சர், இப்போது ரயில்வே தலைவர். எங்கள் ரயில் தினமும் தாமதம், இவர் அரசு அமைக்கப் போயிருக்கிறார்.

ஒரு கேள்வி, எனக்கு நிஜமாகவே முக்கியம். குடியுரிமைக்கு ஐந்து வருடம் என்பதைப் பத்து வருடம் ஆக்குவதாக ஸ்கோஃப் அரசு சொன்னதே, அது என்ன ஆகும்? என் டச்சுத் தேர்வு முடிந்துவிட்டது, இந்தியப் பாஸ்போர்ட்டை விடுவதா என்று வீட்டில் ஒரு வருடமாகச் சண்டை.

தேன்மொழி | 7 நவம்பர், மாலை 6:20

அது திட்டமாகத்தான் இருக்கிறது, சட்டமாகவில்லை. புது அரசு யார் என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. விண்ணப்பம் போடும் நாளில் உள்ள விதியைப் பாருங்கள், முடிவெடுத்தால் இழுக்காதீர்கள். பாஸ்போர்ட் விஷயத்தில் நான் தலையிடமாட்டேன், எங்கள் வீட்டில் அந்தச் சண்டை மூன்று வருடம் நடந்தது.

பாலாண்ணை | 7 நவம்பர், இரவு 7:10

தம்பி, அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. 2026 மார்ச் 18 நகரசபைத் தேர்தல். குடியுரிமை இல்லாவிட்டாலும் ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே சட்டப்படி இருந்தால் ஓட்டு இருக்கிறது, உமக்கு ஆறு வருடம் ஆகிறது. ஐந்தோவனில் எத்தனை வீடு கட்டுவது என்று அங்கேயும்தான் முடிவாகும். விண்ணப்பம் ஒன்றும் வேண்டாம், ஓட்டுப்போட அழைக்கும் அட்டை தபாலில் தானே வரும்.

சைக்கிள்காரன் | 7 நவம்பர், இரவு 7:14

என்ன அண்ணை சொல்கிறீர்கள்! ஆறு வருடத்தில் இதை யாருமே சொல்லவில்லையே. வரும் தபாலை எல்லாம் விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தேன்மொழி | 7 நவம்பர், இரவு 7:20

அடப்பாவி. மார்ச்சில் கிழிக்காதே. அப்புறம் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போ, பென்சில் அங்கேயே இருக்கும்.